ஆன்டிக்கா, வின்டேஜா? வீட்டுக்கு எது, உடுத்த எது

ஒரு நாற்காலியில் இருந்து தொடங்குவோம். வளைத்த மரத்தில் செய்த நாற்காலி. முதுகு சாயும் இடத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளைவுகள், உட்காரும் இடத்தில் பிரம்புப் பின்னல். பெயர் தெரியாவிட்டாலும் பார்த்திருப்பீர்கள், பழைய உணவகங்களின் புகைப்படங்களில் வரிசையாக நிற்கும். மைக்கேல் டோனெட் என்ற மரச்சாமான் தயாரிப்பாளர் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி அது. ஆறு மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு, மொத்தமும் அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி அடங்கும் என்பதால் கப்பலேற்றி உலகம் முழுக்க அனுப்ப முடிந்தது. 1869-இல் அவருடைய காப்புரிமை முடிந்ததும் மற்றவர்களும் அதே மாதிரியைச் செய்ய ஆரம்பித்தார்கள், இன்றைக்கும் அது தயாராகிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது அந்த உருவத்தில் மூன்று நாற்காலிகள் உங்கள் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 1895-இல் செய்தது, இன்னொன்று 1965-இல், மூன்றாவது போன மாதம். முதலாவது ஆன்டிக், இரண்டாவது வின்டேஜ், மூன்றாவது புதுசு, அதை 'ரெட்ரோ ஸ்டைல்' என்று எழுதி விற்பார்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. விலைச் சீட்டைப் பார்த்தால் தெரியும். பழைய பொருள் வாங்கப் போகிறவர்கள் முதலில் குழம்புவது இந்த இடத்தில்தான்: டிசைன் எந்த வருஷத்தது என்பது வேறு, கையில் இருக்கும் பொருள் எந்த வருஷத்தது என்பது வேறு. விற்பவர் "இது 1859 மாடல்" என்று சொன்னால் பொய் சொல்லவில்லை, ஆனால் உங்களுக்குத் தேவையான விஷயத்தையும் சொல்லவில்லை.

பெயர்களை முடித்துவிடுவோம். ஆன்டிக் என்றால் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. இது வெறும் பேச்சு வழக்கு இல்லை, சுங்கத் துறைக் கணக்கு. உலக நாடுகள் பெரும்பாலும் பின்பற்றும் சுங்கக் குறியீட்டுப் பட்டியலில் 9706 என்ற எண் நூறு ஆண்டைத் தாண்டிய பழம்பொருட்களுக்கு உரியது. 2022-இல் அதையும் பிரித்து, 250 ஆண்டைத் தாண்டியவற்றுக்குத் தனி உட்பிரிவு வைத்தார்கள். அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் வேறு மாதிரி கோடு போட்டது: 1830-க்கு முன் செய்ததாக இருந்தால்தான் ஆன்டிக். இயந்திரத்தில் மொத்தமாகச் செய்வது அதற்குப் பிறகுதான் பெருகியது என்பது காரணம். 1966-இல் அதை மாற்றி நூறு வருஷம் என்று வைத்தார்கள், அதனால் இப்போது ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஒரு வருஷத்துப் பொருட்கள் ஆன்டிக் ஆகிக்கொண்டே வருகின்றன.

வின்டேஜ் என்ற சொல் திராட்சைத் தோட்டத்தில் இருந்து வந்தது. எந்த வருஷத்து அறுவடையில் செய்த மது என்பதைக் குறித்த சொல் அது. பொருட்களுக்கு வந்தபோது எல்லை கொஞ்சம் தளர்ந்துவிட்டது. சட்டம் எதுவும் இதற்குக் கோடு போடவில்லை. எட்ஸி என்ற இணைய விற்பனைத் தளத்தில் குறைந்தது 20 வருஷம் ஆகியிருந்தால் வின்டேஜ் என்று விற்கலாம், பலரும் அதையே அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே 2000-களின் தொடக்கத்தில் வாங்கி நீங்களே மறந்துபோன ஜீன்ஸும் வின்டேஜ்தான், கேட்கச் சங்கடமாக இருந்தாலும். ரெட்ரோ என்பது பழைய பாணியில் செய்த புதுப் பொருளுக்கு அதிகம் புழங்கும் சொல். 'ஆன்டிக் ஃபினிஷ்' என்பது வெறும் நிறம், நேற்று செய்த வளையலுக்கும் பூசலாம்.

சரி, எதை வாங்குவது?

பலரும் வயதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். வயது அதிகமானால் மதிப்பு அதிகம், வயது குறைந்தால் உறுதி அதிகம் என்று ஒரு நினைப்பு. எனக்கு அதில் இரண்டு பாதியும் தப்பாகவே படுகிறது. பொருள் எதனால் ஆனது என்று பாருங்கள், வயது அதற்கு அப்புறம். கெட்டி மரம், பித்தளை, இரும்பு, கண்ணாடி, கல் இவை எல்லாம் நூறு வருஷத்தை அலட்சியமாகத் தாண்டும். பட்டு, ரப்பர், ஃபோம், பிளாஸ்டிக், பசை, மின் ஒயர் இவை தாண்டாது. 120 வருஷத்துக் கெட்டி மரப் பெட்டியில் தினமும் போர்வை வைத்து எடுக்கலாம், 40 வருஷத்துப் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை) அலமாரி ஒருமுறை தண்ணீர் பட்டாலே ஊதிப்போய் ஸ்க்ரூ பிடிக்காமல் ஆகிவிடும். அதே நேரம் 60 வருஷத்துக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போகலாம், 120 வருஷத்துப் பட்டு கவுனைத் தொடவே பயமாக இருக்கும். இதை வைத்துப் பார்த்தால் பாதி முடிவு தானாக வந்துவிடுகிறது: மரச்சாமானில் ஆன்டிக்கைப் பற்றித் தயங்காமல் யோசிக்கலாம், உடுத்துவதற்கு வின்டேஜோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு டிராயரை வெளியே இழுப்போம்

பழைய மேசையோ அலமாரியோ கண்ணில் பட்டால் முன்பக்கத்தை ரசிப்பதை விட்டுவிட்டு ஒரு டிராயரை முழுசாக வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். பொய் சொல்லத் தெரியாத பக்கம் அதுதான். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் புறா வால் போல விரிந்த பற்கள் ஒன்றோடு ஒன்று கோத்திருக்கும். அவை எண்ணிக்கையில் குறைவாகவும், ஒன்று அகலம் ஒன்று ஒடுக்கம் என்று ஒழுங்கில்லாமலும் இருந்தால் ஒருவர் உளி பிடித்துச் செதுக்கியது. அருகிலேயே அளவுக்குக் கீறிய மெல்லிய கோடு கூட இருக்கலாம், அதை அழிக்க அந்தத் தச்சர் மெனக்கெட்டிருக்க மாட்டார், உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. எல்லாப் பல்லும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவாக இருந்தால் இயந்திர வேலை, அது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியோ அதற்குப் பிறகோ. பல்லுக்குப் பதிலாக அரைவட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் வரிசையாக இருந்தால் அது 1871 முதல் ஏறத்தாழ 1900 வரை அமெரிக்காவில் புழங்கிய ஓர் இயந்திர இணைப்பு, பார்த்தவுடன் காலத்தைச் சொல்லிவிடும் அபூர்வமான அடையாளங்களில் ஒன்று.

டிராயரின் அடிப்பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். ரம்பத்தின் தடம் நேர்கோடாக இருந்தால் கைரம்பமோ மேலும் கீழும் ஓடும் ஆலை ரம்பமோ அறுத்தது. வளைந்த வில் போல இருந்தால் வட்ட ரம்பம், அதாவது 19-ஆம் நூற்றாண்டுக்குள் வந்துவிட்டோம். பக்கப்பலகையின் கீழ்விளிம்பு தேய்ந்திருக்க வேண்டும். நூறு வருஷம் இழுத்து மூடிய டிராயர் தேயாமல் இருக்காது. தேயாத டிராயரும் தேய்ந்த மேல்பலகையும் ஒரே பொருளில் இருந்தால் இரண்டு வேறு சாமானின் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். இந்த வியாபாரத்தில் இதைக் 'கல்யாணம்' என்றே சொல்வார்கள், ஒரு சாமானின் மேல்பாதிக்கும் இன்னொன்றின் கீழ்பாதிக்கும் நடந்த கல்யாணம்.

ஸ்க்ரூவைப் பாருங்கள். தலையில் கூட்டல் குறி இருந்தால் அது 1930-களில் வந்த பிலிப்ஸ் ஸ்க்ரூ. 150 வருஷத்துப் பொருளில் அது இருக்கிறது என்றால் ஒன்று பிற்காலத்தில் பழுது பார்த்திருக்கிறார்கள், இல்லையென்றால் பொருளே பிற்காலத்தது. பழுது பார்த்தது குற்றம் இல்லை, கேட்டால் நேர்மையான விற்பனையாளர் சொல்லிவிடுவார். 1840-களின் இறுதி வரை மரத்துக்குப் போடும் ஸ்க்ரூவின் முனை பெரும்பாலும் மொட்டையாக இருக்கும். கூர்முனை ஸ்க்ரூ அதற்குப் பிறகுதான் பரவியது. ஒன்றைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்கலாம், முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்.

எனக்குப் பிடித்த சோதனை இன்னொன்று உண்டு. வட்ட மேசையை இரண்டு திசையில் அளப்பது. மரம் காயும்போது ரேகை ஓடும் திசையில் நீளம் கிட்டத்தட்ட மாறாது, ரேகைக்குக் குறுக்கே சுருங்கும். ஆகவே கெட்டிப் பலகையில் செய்த பழைய வட்ட மேசை இப்போது சரியான வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் சில மில்லிமீட்டரோ அதற்கு மேலோ குறைந்து லேசாக முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். நாடா வைத்து அளந்து இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக வந்தால் கேள்வி கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாது, கடைக்காரர் பலரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள், போலி செய்பவர்களில் இதை நினைவில் வைப்பவர் குறைவு.

வெனீர், அதாவது மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடு, ஒட்டியது என்று தெரிந்தவுடன் மட்டம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். நல்ல ஆன்டிக் சாமான்களிலும் வெனீர் உண்டு, கையால் அறுத்தது என்பதால் சற்றுத் தடிமனாக இருக்கும். பிற்காலத்து இயந்திர வெனீர் காகிதம் மாதிரி. 1950, 60-களின் தேக்கு வெனீர் சாமான்களில் நன்றாகச் செய்தவை இன்றைக்கும் உறுதியாகவே நிற்கின்றன, மணல்தாள் போட்டுத் தேய்க்காமல் இருந்தால் போதும். தேய்த்தால் இரண்டு நிமிஷத்தில் வெனீர் போய் அடிப்பலகை பல்லிளிக்கும்.

தேய்ப்பது பற்றிப் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன், ஆன்டிக்குக்கும் வின்டேஜுக்கும் வாங்கிய பிறகு நடந்துகொள்ளும் விதமே வேறு. ஆன்டிக் பொருளில் கைபட்டுக் கைபட்டு ஏறிய மெருகு, கறுத்த பித்தளைப் பிடி, பழைய வார்னிஷ் இவற்றுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருக்கிறீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பளபளவென்று பாலிஷ் போட்டால் கொடுத்த விலையில் பெரிய பங்கு அந்தத் துணியோடு போய்விடும். வின்டேஜ் பொருள் பெரும்பாலும் அவ்வளவு கறார் இல்லை. ஏராளமாகச் செய்த 1970-களின் நாற்காலிக்குப் புதுத் துணி போர்த்தலாம், விளக்குக்கு வேறு நிறம் அடிக்கலாம், யாரும் அழ மாட்டார்கள். பெயர்பெற்ற வடிவமைப்பாளரின் ஆரம்பகாலத் தயாரிப்பு என்றால் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். 1956-இல் வந்த ஈம்ஸ் சாய்வு நாற்காலி மாதிரி இன்னும் தயாராகும் டிசைன்களில், ஆரம்ப வருஷங்களில் செய்தது என்பதை நிரூபிப்பதே அடியில் ஒட்டிய லேபிளும் பழைய ஸ்க்ரூவும்தான், அவற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று பிய்த்துவிடாதீர்கள்.

பயன்பாட்டுக்கு ஒத்துவருமா என்று இன்னொரு கணக்கு இருக்கிறது, அழகில் மயங்கி இதை மறந்துவிடுவோம். ஆன்டிக் கட்டில்கள் பல இன்றைய மெத்தை அளவுக்குப் பொருந்தாது. துணி மாட்டும் ஹேங்கர் பரவலாவதற்கு முன் செய்த அலமாரிகளில் கொக்கியும் தட்டும் மட்டுமே இருக்கும், ஆழம் குறைவு, ஹேங்கர் மாட்டினால் கதவு மூடாது. வாசல், படிக்கட்டுத் திருப்பம், லிஃப்ட் மூன்றையும் அளந்த பிறகே கெட்டி மர அலமாரிக்கு முன்பணம் கொடுங்கள். சோஃபா வேண்டும் என்றால் சட்டத்தைத்தான் வாங்குகிறீர்கள், உள்ளே இருக்கும் ஃபோம் பொடிப்பொடியாகி இருக்கும், மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இத்தனைக்கும் பிறகு ஒரு நல்ல செய்தி: கருப்பும் பழுப்புமான கனத்த ஆன்டிக் மரச்சாமான்களுக்குச் சந்தையில் கிராக்கி குறைந்து பல வருஷம் ஆகிறது, அதனால் நல்ல கெட்டி மரப் பெட்டியோ மேசையோ புதுசாக வாங்கும் பார்ட்டிகிள் போர்டு சாமானை விட மலிவாகக் கிடைப்பது உண்டு. முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள் என்பதற்கும் இதுவே சாட்சி.

பீங்கானும் வெள்ளியும்

இங்கே கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் வேகமாகப் பலன் தரும். 1890-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்றால், 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று எழுத வேண்டி வந்தது. அதனால் நாட்டின் பெயர் பொறித்த தட்டு பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. ஜப்பானியப் பீங்கானில் 'நிப்பான்' என்று இருந்தால் 1891-க்கும் 1921-க்கும் நடுவில் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்; 1921-இல் அமெரிக்கச் சுங்கத்துறை அந்தச் சொல்லை ஏற்க முடியாது, 'ஜப்பான்' என்றே எழுதுங்கள் என்றது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அந்தச் சில வருஷங்கள், 1952-இல் அந்த ஆக்கிரமிப்பு முடிந்துவிட்டது. மைக்ரோவேவில் வைக்கலாம் என்று அடியில் எழுதியிருக்கும் 'பாட்டி காலத்துத் தட்டு' பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. இந்த முத்திரைகளையும் போலியாகப் போடுவார்கள், ஆகவே முத்திரை ஒன்றை மட்டும் நம்பிப் பெரிய தொகை கொடுக்க வேண்டாம்.

வெள்ளியில் 925 என்ற எண் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதைக் குறிக்கும். இபிஎன்எஸ் (EPNS) என்ற நான்கு ஆங்கில எழுத்து இருந்தால் அது நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் வெள்ளி முலாம், உள்ளே வெள்ளி இல்லை. பயன்படுத்த அது தாராளமாகப் போதும், வெள்ளி விலை கொடுக்காமல் இருந்தால் சரி. பையில் சின்னக் காந்தம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளியும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது.

பழைய பொருளில் ஒளிந்திருக்கும் விஷம் பற்றிப் பெரும்பாலானவர்கள் பேசுவதே இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் இருந்தது (அமெரிக்கா அதை 1978-இல்தான் வீட்டுப் பயன்பாட்டில் தடை செய்தது), ஆகவே பெயின்ட் உரியும் பழைய தொட்டிலையோ பொம்மையையோ குழந்தை கையில் கொடுக்கக் கூடாது, சுரண்டித் தூசு கிளப்பவும் கூடாது. பழைய பீங்கானின் மேல்பூச்சிலும் ஈயம் இருக்கலாம், அழகுக்கு வையுங்கள், சாப்பிட வேண்டாம். 1814-இல் வந்த மரகதப் பச்சை என்ற சாயம் ஆர்சனிக்கால் ஆனது, அந்த நூற்றாண்டின் பூங்கொத்து அலங்காரம், கவுன், புத்தக அட்டை எல்லாவற்றிலும் புகுந்திருந்தது. இருட்டில் ஒளிரும் பழைய கடிகார முகப்பில் ரேடியம் இருக்கலாம். இதில் ஒரு சூழ்ச்சி, ஒளிர்வது நின்றுபோயிருக்கும், அதனால் ரேடியமும் தீர்ந்துவிட்டது என்று நினைப்போம். தேய்ந்தது ஒளிரும் பூச்சு மட்டும்தான். ரேடியத்தின் அரை ஆயுள் 1600 வருஷம். கடிகாரத்தைத் திறக்காமல், சுரண்டாமல் இருந்தால் போதும். மின்விளக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒயர் மாற்றிய பிறகே பிளக்கைச் செருகுங்கள். துணி சுற்றிய பழைய ஒயரின் உள்ளே ரப்பர் நொறுங்கிப் போயிருக்கும்.

உடைக்கு வருவோம்

ஆன்டிக் உடையை ஏன் வேண்டாம் என்கிறேன்? பட்டுப் புழுக்கூட்டின் பிசினைக் கழுவி எடுத்தால் நூலின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும். பட்டை எடை போட்டு விற்கும் வியாபாரத்தில் அது நஷ்டம், ஆகவே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்து 1930-கள் வரை வெள்ளீய உப்பு போன்ற உலோக உப்புகளில் பட்டை ஊறவைத்து எடையை ஏற்றினார்கள், சில நேரம் போனதற்கு மேலேயும். துணி கனமாக, சரசரவென்று, கொழுகொழுவென்று விழும். அப்போது வாங்கியவர்களுக்குச் சந்தோஷம். அந்த உப்புதான் இப்போது நூலை உள்ளிருந்து அறுக்கிறது. பெட்டிக்குள் யாரும் தொடாமல் இருந்தாலும் மடிப்பு ஓரத்தில் இணையாகக் கீறல் விழுந்து நார்நாராகத் தொங்கும், தைத்துச் சரிசெய்யவும் முடியாது, ஊசி போகும் இடத்தில் அடுத்த கிழிசல். அப்படிப்பட்ட ஓர் உடை உங்களைக் கவர்ந்தால் மடிக்காமல், வெயில் படாமல், பார்ப்பதற்கென்று வாங்குங்கள். பருத்தி, லினன் துணிகளில் சில இன்னும் உறுதியாக இருக்கும், விதிவிலக்கு உண்டு.

வின்டேஜ் உடையில் காலத்தைக் கண்டுபிடிப்பது துப்பறியும் வேலை போல, எனக்கு இது மரச்சாமானை விடச் சுவாரசியம். ஜிப்பில் ஆரம்பியுங்கள். இன்றைய வடிவத்துக்கு அடித்தளமான ஜிப் 1910-களில் உருவானது, பெண்களின் கவுன்களில் புகுந்தது 1930-களில்தான். உலோகப் பல் ஜிப், அதுவும் இடுப்புக்குப் பக்கவாட்டில் என்றால் 1930, 40-களை நினைக்கலாம். முதுகுப்பக்கம் நீளமாக வந்தது அதற்குப் பிறகு. நைலான் ஜிப் என்றால் பெரும்பாலும் 1960-களும் அதன் பின்னும். துணியைக் கேளுங்கள்: நைலான் காலுறை 1940-இல் கடைக்கு வந்தது, பாலியஸ்டரைக் கண்டுபிடித்ததே 1941-இல், உடம்போடு இழுபட்டு ஒட்டும் ஸ்பான்டெக்ஸ் இழை 1958-இல். ஆகவே '1940-களின் கவுன்' என்று வரும் பொருள் இழுத்தால் நீண்டு திரும்பிப் போனால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். எப்படித் துவைப்பது என்று எழுதிய லேபிளை உடையில் நிரந்தரமாகத் தைக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1972-இல் நடைமுறைக்கு வந்தது, அப்படிப்பட்ட லேபிள் இருந்தால் காலம் பின்னால் நகர்கிறது. லீவைஸ் ஜீன்ஸின் சிவப்புப் பட்டையில் கம்பெனி பெயரின் ஆங்கில 'E' எழுத்து பெரிய எழுத்தாக (சின்ன 'e' ஆக இல்லாமல்) இருந்தால் 1971-க்கு முந்தையது என்பது பழைய ஜீன்ஸ் பிரியர்கள் எல்லாருக்கும் மனப்பாடம், கம்பெனியே பழைய மாதிரியை மறுபடி செய்து விற்பதால் அந்த எழுத்தை மட்டும் பார்த்துக் குதிக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் தர்க்கம் ஒன்றுதான். ஒரு பொருளில் இருப்பவற்றிலேயே கடைசியாகக் கண்டுபிடித்தது எதுவோ, அதற்கு முன்னால் அந்தப் பொருள் செய்யப்பட்டிருக்க முடியாது. பழுதுக்கு மாற்றியதாக இருந்தால் தவிர. அப்புறம் தையலின் நூல் நிறம், பழைய ஊசித் துளை இவற்றைப் பார்த்து ஜிப் மாற்றியதா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

சைஸ் எண்ணை மறந்துவிடுங்கள். அந்தக் காலத்து 12 இந்தக் காலத்து 12 இல்லை, பல நிலை சின்னது. உங்களிடம் கச்சிதமாக இருக்கும் ஓர் உடையைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள், இடுப்பு, தோள், நீளம் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள், விற்பவரிடம் அதே அளவுகளைக் கேளுங்கள். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அந்துப்பூச்சி தின்ற ஊசித்துளைகள் நட்சத்திரம் மாதிரித் தெரியும். அக்குள் பகுதியை விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள், வியர்வை அரித்த இடம் அங்கேதான் முதலில் போகும். அந்துருண்டை வாசனை காற்றாட விட்டால் குறையும், பூஞ்சைக்காளான் வாசனை பெரும்பாலும் போகாது. கம்பளி உடை வாங்கினால் மற்றவற்றோடு சேர்ப்பதற்கு முன் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி குளிரில் இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுங்கள், முட்டையும் புழுவும் சாகும்.

காலணியில் நான் சூடு பட்டவன். 1990-களின் நடைக்காலணி, பெட்டியோடு, ஒருமுறைகூடப் போடாதது. அதுதான் பெருமை என்று நினைத்து வாங்கினேன். போட்டுக்கொண்டு இருபது நிமிஷம் நடந்திருப்பேன், பின்னால் வந்தவர் "ஏதோ விழுதுங்க" என்றார். திரும்பிப் பார்த்தால் நான் வந்த வழி நெடுக ஈரமான ரொட்டித் துண்டு போல அடிப்பாகம் உதிர்ந்து கிடந்தது. பாலியூரிதேன் அடிப்பாகம் காற்றின் ஈரத்தை உறிஞ்சியே உள்ளுக்குள் சிதையும், போடாமல் வைத்தாலும் சிதையும். செயற்கைத் தோல் பைகளின் உள்பூச்சு பிசுபிசுவென்று ஆவதும் பெரும்பாலும் இதே கதை. தோல் அடிப்பாகம் தைத்த பழைய செருப்பு, ஷூ என்றால் தைரியமாக வாங்கலாம்.

வாங்கும் இடம் பற்றி அதிகம் சொல்ல இல்லை, ஏலம், பழம்பொருள் கடை, வாரச்சந்தை, இணையம், சொந்தக்காரர் பரண் எல்லாமே சரி. ஏலத்தில் சுத்தியல் விழுந்த தொகைக்கு மேல் வாங்குபவர் தரும் கமிஷன் தனி என்பதை முன்பே விசாரியுங்கள். விவரணையில் 'அந்தப் பாணியில்', 'அவருடையதாகக் கருதப்படும்' என்ற சொற்கள் வந்தால், எழுதியவர் உறுதி சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டார் என்று அர்த்தம்.

ஆன்டிக்கோடு காகிதமும் வரும், வர வேண்டும். யாரிடமிருந்து யாரிடம் போனது என்ற வரலாறு, பழைய ரசீது, புகைப்படம். பல நாடுகளில் பழம்பொருளை எல்லை தாண்டிக் கொண்டுபோகச் சட்டம் அனுமதி கேட்கும். யானைத் தந்தத்துக்கு 1989-இல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் நாடுகள் சர்வதேச வணிகத் தடை விதிக்க முடிவு செய்தன. கடலாமை ஓட்டுச் சீப்பு, பிரேசில் ரோஸ்வுட் மேசை இவற்றுக்கும் அந்த உடன்படிக்கையில் கடும் கட்டுப்பாடு. பாட்டியின் பெட்டியில் இருந்து எடுத்தது என்ற விளக்கம் சுங்க அதிகாரியிடம் எடுபடாது. வின்டேஜ் ஜாக்கெட்டுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் கிடையாது.

அந்த வளைமர நாற்காலி எங்காவது கிடைத்தால் தலைகீழாகக் கவிழ்த்து இருக்கை வளையத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். செய்தவர் பெயர் மரத்தில் சுட்ட முத்திரையாகவோ பாதி கிழிந்த காகித லேபிளாகவோ அங்கேதான் இருக்கும். பத்து ஸ்க்ரூவையும் எண்ணுங்கள். ஒன்பது பழசு, ஒன்று பிலிப்ஸ் என்றால் யாரோ ஒருநாள் ஆடிய காலை இறுக்கியிருக்கிறார்கள். பத்தும் பிலிப்ஸ் என்றால் விலையைப் பற்றி மறுபடி பேச ஆரம்பியுங்கள்.